ஏழு சென்டிமீட்டர் ருசிக்காரி

ஓதில் ப்ரெஸியேவை நான் ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் செய்தேன். சுட்ட களிமண், நாலு நிறச் சாயம், அடியில் எங்கள் கடை முத்திரை. எட்டே மாதத்தில் ஐந்நூறுக்கு மேல் போய்விட்டது. ஜப்பானில் ஒரு வீட்டு அலமாரியில் ஓதில் இருக்கிறார். கனடாவில் இருக்கிறார். ஜெர்மனியில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் இருக்கிறார். வாங்கிப்போன அம்மாளே எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். திரும்பக் கேட்டு வாங்க முடியாத இடங்களிலெல்லாம் விரலை வாயில் வைத்துக்கொண்டு அவர் நிற்கிறார். இதைச் சொல்லும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது.

எங்கள் கடை ஆர்ல் நகரத்தில், ரோமானியர் கட்டிய அரங்கத்துக்கு ஏறிப் போகும் சந்தில் இருக்கிறது. அரங்கத்தைச் சுற்றிவிட்டு வியர்த்துப்போய் இறங்கி வரும் சுற்றுலாக்காரர்கள் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்பார்கள். கழிப்பறை எங்கே, அந்தப் பேர்போன ஓவியத்தில் வரும் மஞ்சள் காபிக்கடை எங்கே, இதெல்லாம் இங்கேயே செய்ததா. முதல் இரண்டுக்கும் கையை மட்டும் காட்டுவேன். மூன்றாவதுக்குத்தான் வாய் திறப்பேன். சோப்பு, லாவெண்டர் பை, பீங்கான் சில்வண்டு எல்லாம் வெளியிலிருந்து வருகிற சரக்கு. குடில் பொம்மைகள் மட்டும் எங்களுடையவை. முதல் உருவத்தைச் செதுக்குவதும் கடைசியில் சாயம் பூசுவதும் நான். நடுவில் அச்சு எடுப்பது, சூளையில் சுடுவது எல்லாம் என் புருஷன் மார்சியால்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்துமஸ் குடிலில் மேய்ப்பர்களும் ராஜாக்களும் மட்டும் நிற்க மாட்டார்கள். ஊரே வரும். மாவு மில்காரர் மூட்டையோடு வருவார், மீன்காரி மீனோடு வருவாள், சாணை பிடிக்கிறவன் கத்தியோடு வருவான். குடிலில் பிறந்திருக்கும் பாலனுக்கு ஏதாவது ஒன்று கையில் இல்லாமல் யாரும் வருவதில்லை. பித்தன் ஒருவன் உண்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்து நிற்பான். அவன்கூடத் தன் சந்தோஷத்தைக் கொண்டுவருகிறான் என்றுதான் எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பொம்மை வாங்கிப்போகும் வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. எங்கள் ஊரில் பால் பல் விழாத பிள்ளைக்கும் தெரியும்.

ஊர்க்காரர்கள் முகத்தையே பொம்மைக்கு வைப்பதும் எங்களுக்குப் பழக்கம்தான். தபால்காரரை வைத்தேன், கடிதக் கட்டோடு. ரொட்டிக்கடைக்காரரை வைத்தேன், மனிதர் பூரித்துப்போய் ஒரு மாதம் எனக்கு ரொட்டி இலவசமாகக் கொடுத்தார். "சொலான்ஷ் கண்ணுல பட்டா யாரும் தப்ப முடியாது" என்று ஊரில் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஓதில் இருபத்தாறு வருடம் அரங்கத்துக்குப் பின்னால் இருக்கிற உணவகத்தில் சமையல்காரியாக இருந்தவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கருவாடு. காட் மீன் கருவாட்டை ஊறவைத்து வேகவைத்து, காய்கறியோடும், பூண்டும் ஆலிவ் எண்ணெயும் இடித்துக் குழைத்த விழுதோடும் கொடுப்பார். அரங்கத்தைப் பார்க்க வந்தவர்கள் அரங்கத்தை மறந்துவிட்டு அந்த வாசலில் வரிசையில் நிற்பார்கள். பிறகு கொள்ளைநோய் வந்தது, உணவகங்களை மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். ஓதில் மட்டும் திரும்பப் போகவில்லை. முட்டி வலி என்றார்.

ஆனால் அந்த முட்டிதான் சனிக்கிழமை தவறாமல் சந்தையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தது. நாலு வருடம் சந்தையில் நாங்களும் போடும் விற்பனை மேசையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒன்பது மணிக்கு வருவார். கையில் காலிக் கூடை. ஆலிவ் தொட்டியில் ஒன்று, ஆட்டுப்பால் சீஸில் ஒரு துண்டு, பூண்டு போட்ட சாசேஜில் ஒரு சீவல், நெத்திலி விழுதில் ஒரு விரல். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ரொம்ப நேரம் நிற்பார். அப்புறம் தலையை லேசாக அசைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்த கடைக்குப் போவார். ஒன்றும் வாங்க மாட்டார்.

ஆலிவ் விற்கும் ரொஜேயின் கடை எங்களுக்கு நேர் எதிரே. அவனுக்கு அன்றைய வியாபாரமே ஓதில் வந்த பிறகுதான் சூடு பிடிக்கும்.

"வாங்க மகராசி, வாங்க! தட்டு வெச்சாச்சு, உக்கார வேண்டியதுதான் பாக்கி!"

"அந்தக் கசப்புக் காய் இருக்கா ரொஜே? போன வாரத்துதைவிடக் கசப்பா?"

"இருக்கு. ஒரு கிலோ கட்டவா?"

"பாக்குறேன்."

"நாலு வருஷமா பாக்குறீங்க. உங்களைப் பாத்தா என் ஆலிவே பயந்து தொட்டிக்கு அடியில போயி ஒளிஞ்சுக்குது!"

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். ஓதிலும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். எல்லாரையும்விடப் பெரிய சத்தமாகச் சிரிப்பது நான்தான். அவருக்கு ஓய்வூதியம் வருகிறது, ஆற்றங்கரையில் சொந்த வீடு இருக்கிறது. இல்லாதவர் தின்றால் தலையைத் திருப்பிக்கொள்வோம். இருக்கிறவர் இப்படி ஓசியில் நக்கித் திரிந்தால் எப்படிச் சும்மா இருப்பது? கஞ்சப் பிசினாறி என்று முடிவு கட்டினேன். குடிக்கிறார், அதனால்தான் வேலை போனது என்றும் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதையும் நம்பினேன்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்தபோது அந்த உருவம் தானாக வந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் வளைந்த முதுகு, மூடிய கண், வாயில் விரல், முழங்கையில் காலிக் கூடை. மார்சியால் எட்டிப் பார்த்தார். பார்த்த உடனே யாரென்று தெரிந்துவிட்டது அவருக்கு.

"ஐயோ, அந்தம்மா அப்படியே இருக்காங்க! சரி, பாலனுக்குன்னு கையில என்ன குடுக்கப்போற?"

"ஒண்ணும் இல்ல."

"கூடைக்குள்ள?"

"அதுவும் காலி."

"சொலான்ஷ், குடிலுக்கு வெறுங்கையோட யாரும் போக மாட்டாங்க."

"அதான் விஷயமே! எல்லாரும் குடுக்க வர்றாங்க. இவங்க மட்டும் ருசி பாக்க வர்றாங்க. பாலன்கிட்ட ஏதாச்சும் தேறுமான்னு."

மார்சியால் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா பாத்தா?" என்றார்.

"பாத்தா என்ன? ரொட்டிக்கடைக்காரர் மாதிரி அவங்களும் சந்தோஷப்படுவாங்க."

அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

'ருசிக்காரி' என்று பேர் எழுதி வைத்தோம். ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. ரொஜே ஒன்றை வாங்கி ஆலிவ் தொட்டி விளிம்பில் நிறுத்தினான். ஓதில் வரும்போது மட்டும் துணியால் மூடிவைப்பான். அது இன்னொரு வேடிக்கை. கோடையில் வந்த சுற்றுலாக்காரர்களுக்கு யார் எவர் என்று தெரியாவிட்டாலும் அந்த மூடிய கண் பிடித்துவிட்டது. மற்ற பொம்மைகள் ஒன்று போனால் இவள் ஐந்து போனாள். எங்கள் கடை ஆரம்பித்த நாளிலிருந்து எந்தப் பொம்மையும் அப்படிப் போனதில்லை. நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை சந்தையில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு தம்பதி எங்கள் மேசைக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள், சிரித்த முகம். காலையில் அரங்கம் பார்த்துவிட்டு, பழைய தேவாலயத்து வாசல் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டும் என்று வந்திருந்தார்கள். நான்தான் ருசிக்காரியை எடுத்துக் காட்டினேன். நான்தான் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். "உண்மையான ஆளே இப்ப வர்ற நேரம்தான்" என்று கண்ணைச் சிமிட்டிச் சொன்னதும் நான்தான்.

கால் மணி நேரத்தில் ஓதில் வந்தார். ரொஜே கடையில் ஓர் ஆலிவை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். அந்தப் பெல்ஜியக்காரி சந்தோஷத்தில் கையைத் தட்டிவிட்டாள்.

"பாருங்க, பாருங்க! அப்படியே இருக்காங்க!"

காகிதத்தைப் பிரித்துப் பொம்மையை ஓதிலின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவள் புருஷன் கைபேசியைத் தூக்கினான்.

"மதாம், விரலை இப்படி வாயில வெச்சுக்குங்க. ஒரே ஒரு படம், தயவுசெஞ்சு!"

ஓதிலுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஊரைப் படம் பிடிக்க வந்தவர்கள், சந்தைக்கு வந்தவளையும் பிடிக்க நினைக்கிறார்கள் போல என்று மரியாதையாகத் தலையை ஆட்டினார். அப்புறம்தான் அந்தக் கையில் இருந்ததைப் பார்த்தார். வாங்கினார். முகத்தைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், கூடைக்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். கவிழ்த்து அடியில் இருந்த முத்திரையைப் படித்தார். தலையைத் தூக்கி எங்கள் மேசைப் பக்கம் திரும்பினார்.

நான் குனிந்துவிட்டேன். சுற்றும் காகிதத்தைத் தேடுகிறவள் போல மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன். ஐம்பத்தாறு வயதுப் பொம்பளை, முழங்காலில் உட்கார்ந்து, காலி அட்டைப்பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மேசைத் துணியின் இடைவெளியில் ஓதில் மட்டும் தெரிந்தார். பொம்மையை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அழகா இருக்கு" என்றார்.

பிறகு விரலை வாயில் வைத்து, கண்ணை மூடி, அவர்கள் கேட்டபடியே நின்றார். இரண்டு படம் எடுத்தார்கள். இருபத்தாறு வருடம் வெளியூர்க்காரர்களுக்குப் பரிமாறியவர்; வந்தவர்கள் முகம் கோண விட்டுப் பழக்கமில்லை அவருக்கு. ரொஜேகூட அன்றைக்குச் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு வந்தார். மார்சியால் பின்பக்கம் சூளையறைக்கு நழுவிவிட்டார். ஓதில் அலமாரி முன்னால் நின்று, ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இவ என்ன கொண்டு வர்றா?"

"மீன், மதாம்."

"இவரு?"

"விறகுக் கட்டு."

"இந்தக் கிழவி?"

"கோழி... ஒரு கோழிக்குஞ்சு."

பித்தனிடம் வந்ததும் அவனைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்து அவரே நின்றிருந்தார், வரிசையாக ஒன்பது பேர். நான் வாயைத் திறப்பேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"கை நல்லா வந்திருக்கு. என் கட்டைவிரல் இப்படித்தான் கோணலா இருக்கும். உங்களுக்கு நல்ல கண்ணு" என்றார். நான் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கதவு மணி அடித்து ஓய்ந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் சந்தைக்கு வரவில்லை. ரொஜே இரண்டு மூன்று தடவை எட்டி எட்டிப் பார்த்தான். "உன் பொம்மை என் வாடிக்கையை விரட்டிடுச்சு" என்றான். "அவங்க எங்க உனக்கு வாடிக்கை?" என்று எப்போதும்போல் சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. நான் அலமாரியிலிருந்து எல்லா ருசிக்காரிகளையும் எடுத்தேன். சுட்டு வைத்திருந்தவற்றைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்தேன். மார்சியால் அச்சைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதையும் உடைத்தேன். ஐந்நூறு பொம்மை வெளியே இருக்கும்போது இதனால் யாருக்கு என்ன பயன்? எனக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

அப்புறம்தான் அந்தப் புத்திசாலித்தனமான யோசனை வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்துக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுவிடலாம். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காரவைத்து மன்னிப்புக் கேட்கலாம். டிசம்பர் இருபதாம் தேதி, குளிர்காற்று முகத்தில் அறைய, ஆற்றங்கரையில் ரொக்கெத் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவரிடம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

"இருபத்தி நாலாம் தேதி எங்க வீட்டுக்கு வாங்க, மதாம் ஓதில். உங்களுக்குன்னு ஒரு தட்டு வைக்கிறோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தத் தட்டு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் அந்த விருந்துக்கு வீட்டு ஆட்களைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்போம். வழியோடு வரும் ஏழைக்கு என்று பேர். பெரும்பாலும் யாரும் வருவதில்லை, காலியாகவே இருக்கும். ஊர் முழுக்க ஓசிக்காரி என்று பேர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த நாளில் பார்த்து, தட்டு வைக்கிறோம் என்று வாசலில் போய்ச் சொல்லியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் அப்படி நெனச்சுச் சொல்லல..." என்று ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுகை வராது. பெற்றவளைப் புதைத்த அன்றுகூடக் கல்யாண வீட்டுக்காரி மாதிரி எல்லாரையும் உபசரித்துக்கொண்டிருந்தவள்.

"வாசல்ல நின்னு அழாதே. உள்ள வா" என்றார். அன்றுதான் முதல் தடவையாக என்னை நீ என்றார்.

சமையலறையில் செம்புச் சட்டிகள் பளபளவென்று வரிசையாகத் தொங்கின. அடுப்பு மட்டும் புதிது மாதிரி இருந்தது. அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் ஏன் ருசி பாக்குறேன்னு நாலு வருஷத்துல ஒருத்தராவது கேட்டீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அந்தக் காய்ச்சல்ல எனக்கு ருசி போயிடுச்சு, மணமும் போயிடுச்சு. எல்லாருக்கும் ரெண்டு வாரத்துல வந்துச்சு, எனக்கு வரல. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் அவரும் சொல்றதை நிறுத்திட்டாரு. பூண்டு, நெத்திலி, கசப்பு ஆலிவ். எது மொதல்ல திரும்பி வரும்னு தெரியாதுல்ல? அதான் சனிக்கிழமை சனிக்கிழமை போயி நிப்பேன். ஒரு துளி தெரிஞ்சாப் போதும், மறுநாளே அடுப்படிக்குப் போயிடலாம்னு."

"அப்ப முட்டி வலி?"

"சமையக்காரிக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

நான் அந்த மூடிய கண்ணை நினைத்தேன். எத்தனை கவனமாக அதைச் செதுக்கினேன், எத்தனை சிரிப்போடு. பேராசை என்று நினைத்துச் செதுக்கினேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் போயி ஊர் முழுக்கச் சொல்றேன். ரொஜே கால்ல விழுந்து மன்னிப்புக் கேப்பான். எல்லாரும்..."

"வாயைத் தொறந்தே, கொன்னுடுவேன்!" மேசையில் அறைந்தார். "ஓசிக்காரின்னு சிரிக்கட்டும், தாங்கிக்குவேன். ஐயோ பாவம்னு பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அவர் பெயரைத் துடைக்க என்னிடம் இருந்த ஒரே துணியையும் அவரே பிடுங்கிக்கொண்டார். கிளம்பும்போது கதவருகே நிறுத்தினார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மொதலாளி இன்னும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நாக்கு போனாலும் கைக்கு நெனப்பு இருக்குமில்ல? இருபத்தாறு வருஷம் செஞ்ச கை. நாளன்னைக்கு மத்தியானம் கருவாடு வைக்கிறேன். வந்து சாப்பிட்டுப் பாத்துச் சொல்லு."

"நானா?"

"நீதான். இந்த ஊர்ல தயவு தாட்சணியம் பாக்காதவ நீ ஒருத்திதான். நான் எவ்வளவு ஒளிச்சு வெச்சாலும் என் கட்டைவிரலைப் பிடிச்சிட்டியே. உன் வாய்ல இருந்து உண்மைதான் வரும்."

இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் போனேன். வெள்ளைத் துணி விரித்திருந்தார். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டை, நடுவில் வெள்ளை வெளேரென்று கருவாடு, பக்கத்தில் உரலோடு பூண்டு விழுது. பார்க்க அந்தப் பழைய வெள்ளிக்கிழமைத் தட்டேதான். கருவாட்டுச் சமையலில் சூட்சுமம் எல்லாம் ஊறவைப்பதில் இருக்கிறது. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, இடையிடையே ஒரு கிள்ளுக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்க வேண்டும், உப்பு போனதா என்று. ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு மாதிரி. அதைக் கை சொல்லாது, கடிகாரமும் சொல்லாது.

ஒரு துண்டை வாயில் போட்டேன். கடலையே வாயில் கவிழ்த்த மாதிரி இருந்தது. காது வரைக்கும் உப்பு ஏறியது. அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு கையையும் இடுப்பில் கட்டிய சமையல் துணிக்குள் சுருட்டிக்கொண்டு. தண்ணீர்க் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொட்டால் தெரிந்துவிடும் என்று தொடவில்லை. மென்று விழுங்கினேன்.

"சொல்லு."

பீன்ஸை முள்கரண்டியால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"பொய் சொல்லாதே சொலான்ஷ். அதுக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

இந்தப் பொம்பளையைப் பார்த்து ஊரைச் சிரிக்கவைத்தவள் நான். இன்னொரு அடி என் கையாலேயே எப்படிக் கொடுப்பது? அந்த நேரத்தில் அப்படித்தான் எனக்குப் பட்டது.

"கச்சிதமா இருக்கு. அப்படியே பழைய கைப்பக்குவம்" என்றேன்.

"உப்பு?"

"அளவா இருக்கு."

அந்த முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்வேன். எழுந்து வந்து என் கன்னத்தில் மூன்று தடவை முத்தம் கொடுத்தார். நான் தட்டைக் காலி செய்தேன், இன்னும் ஒரு துண்டு கேட்டுக்கூட வாங்கிக்கொண்டேன். வீடு திரும்பும் வழியில் ஆற்றங்கரைக் குழாயில் வாயை வைத்து மாடு மாதிரித் தண்ணீர் குடித்தேன். ஆனாலும் மனசு லேசாக இருந்தது. பட்ட கடனை அடைத்துவிட்ட மாதிரி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசுகிறது.

புத்தாண்டு முடிந்து மூன்றாம் நாள் மார்சியால் செய்தி கொண்டுவந்தார். "தெரியுமா, ஓதிலம்மா மறுபடி வேலைக்கு வர்றாங்களாம்! அடுத்த வெள்ளிக்கிழமை கருவாடாம். வாசல்ல எழுதிப் போட்டிருக்காரு மொதலாளி."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் சில நாள் இருந்தது. இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் கோட்டு எடுத்து மாட்டினேன். ஒருநாள் அவர் தெரு முனை வரைக்கும் போய்விட்டேன். ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே சட்டி துலக்கும் சத்தமும், கூடவே அவர் முணுமுணுக்கும் ஏதோ பழைய பாட்டும் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். சமையலறையில் வேறு ஆள் இருப்பான், ருசி பார்ப்பான், சரி செய்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓதில் சமைத்ததை ருசி பார்க்க அந்த அடுப்படியில் எவனுக்குத் துணிச்சல் வரும் என்று நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உணவகத்தில் இடமில்லை. சந்தைக்காரர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். ரொஜே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அரங்கம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு மூன்று மேசைகளில் இருந்தார்கள். நான் சுவரோரம் ஒரு சின்ன மேசையில் உட்கார்ந்தேன். ஓதில் ஒரு தடவை கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார்; வெள்ளைத் தொப்பி, சிவந்த கன்னம். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தட்டுகள் வந்தன. முதலில் சத்தம் அடங்கியது. அப்புறம் ஒவ்வொருவராகத் தண்ணீரை எடுத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அவர் மேல் மரியாதை. ஒரு வெளியூர்க்காரர்தான் முதலாளியைக் கூப்பிட்டுத் தட்டைத் தள்ளினார். ரொஜேயின் வாய் சும்மா இருக்குமா?

"ஏம்ப்பா மொதலாளி, இது மீனா உப்பளமா? ருசிக்காரி இதை ருசி பாக்க மறந்துட்டாங்களா?"

அவன் கெட்டவன் இல்லை. எப்போதும் போலச் சொன்னான். ஊரும் எப்போதும் போலச் சிரித்தது.

முதலாளி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஓதில் அந்தத் தட்டோடு வெளியே வந்து நடுவில் நின்றார். எல்லாரும் பார்க்க ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார். அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் அந்த உருவத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் மென்றார், விழுங்கினார், கண்ணைத் திறந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நாலு வருஷமா எதுவுமே தெரியல. மன்னிச்சுக்குங்க எல்லாரும்" என்றார்.

ரொஜேயின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. ஓதில் தொப்பியைக் கழற்றினார், இடுப்பில் கட்டிய சமையல் துணியை அவிழ்த்து மடித்தார். கதவுக்குப் போகிற வழியில் என் மேசை இருந்தது. நான் அதுவரைக்கும் என் தட்டைத் தொடவே இல்லை. அவர் அதைப் பார்த்தார். தொடாததற்குக் காரணம் என்னவென்று அந்த ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பொம்மையில நீங்க பொய் சொல்லல, மதாம். கண்ணு பாத்ததைக் கை செஞ்சுது. அதை நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்" என்றார். குரல் உயரவில்லை. "நாக்கு செத்தவ நான். உங்களுக்குத்தான் நல்லா இருக்கே. நீங்க ஏன் பொய் சொன்னீங்க?"